எரு வயலில் நிற்கட்டும், கிணற்றுக்குப் போக வேண்டாம்: இரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கான செய்முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் மாட்டுக் கொட்டாயும் குப்பைமேடும் போர்வெல்லும் ஒரே வாசலுக்குள் இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு நல்ல மழை பெய்தால் குப்பைமேட்டின் அடியிலிருந்து கஷாயம் மாதிரி கருப்புத் தண்ணீர் கசியும், கொஞ்சம் அங்கேயே மண்ணுக்குள் இறங்கும், மீதி சந்து வழியாக ஓடைக்கும் அங்கிருந்து ஏரிக்கும் போகும். கிணற்றையும் ஏரியையும் கெடுப்பது அந்தத் தண்ணீர்தான். நீங்கள் யூரியா என்றும் பொட்டாஷ் என்றும் கடையில் காசு கொடுத்து வாங்கும் சத்து கரைந்து போவதும் அதே தண்ணீரில்தான். இரண்டு மூன்று மாடும், ஒன்றிரண்டு ஏக்கரும் வைத்திருப்பவர்களையும், புதிதாக மாடு வாங்கப் போகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வேலைக்கு முன்னால் காரணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சாணத்திலும் மூத்திரத்திலும் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் கடைசியாக நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, தண்ணீர் எங்கே போகிறதோ அதுவும் கூடவே போகும். நம் பக்கம் பல இடங்களில் செம்மண் கொஞ்ச ஆழம்தான், அதற்குக் கீழே பாறை, பாறையில் வெடிப்பு. மேலே இருந்து இறங்கும் தண்ணீர் வெடிப்பு வழியாகப் பெரிதாக வடிகட்டப்படாமலே போர்வெல்லுக்குப் போய்விடுகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேறு மாதிரி. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் மழையில் மண் அரித்துப் போனால் மண்ணோடு சேர்ந்து ஏரியில் இறங்கும். ஏரி பச்சையாகப் பாசி பிடிப்பதற்கும் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் சாக்கடைத் தண்ணீரோடு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

இன்னொன்று, நம் ஊரில் தண்ணீர் கெட்டது என்றாலே ஃபுளோரைடு என்றுதான் நினைக்கிறோம். ஃபுளோரைடு பாறையிலிருந்து வருவது, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நைட்ரேட் பெரும்பாலும் மேலே இருந்து நாம் சேர்ப்பது. கொதிக்க வைத்தால் இரண்டுமே போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க நைட்ரேட் அதிகமான தண்ணீரைப் பயன்படுத்தினால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: மழையில் ஒரு சுற்று

மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, குப்பைமேட்டைத் தொடுகிறதா, கருப்புத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, போர்வெல் மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். இதைப் பார்க்காமல் செலவு செய்து குழி வெட்டுகிறவர்கள் பல நேரம் தப்பான இடத்தில் வெட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது: வெளித்தண்ணீரைத் தடுப்பது

எருவின் மேல் விழும் தண்ணீர் குறைந்தால் கசிவும் குறையும், கணக்கு அவ்வளவுதான். கொட்டாய்க் கூரைக்கு ஒரு தகர வாய்க்காலோ பாதியாக அறுத்த பிவிசி குழாயோ கட்டி, நல்ல தண்ணீரைத் தனியாக வெளியேற்றுங்கள். குப்பைமேட்டுக்கு மேல்பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்கு மண் கரை போட்டால் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் சுற்றிப் போய்விடும்.

இப்போது நிறையப் பேர் போர்வெல்லுக்குப் பக்கத்தில் மழைநீர் சேகரிப்புக் குழி எடுக்கிறார்கள். நல்ல விஷயம், ஆனால் மாடு கட்டும் வாசல் தண்ணீரை அந்தக் குழிக்குத் திருப்பவே திருப்பாதீர்கள், அது நைட்ரேட்டையும் கிருமியையும் நேரே கிணற்றுக்கு அனுப்புவதற்குச் சமம். கூரைத் தண்ணீர் மட்டும் போகட்டும். போர்வெல்லுக்குள் இறக்கியிருக்கும் கேசிங் குழாய் தரைக்கு மேல் ஓர் அடியாவது நிற்க வேண்டும், சுற்றிலும் சிமெண்ட் மேடை வேண்டும். பயன்படாத பழைய போர்வெல் இருந்தால் இன்றைக்கே மூடுங்கள், அது குழந்தைகளுக்கும் ஆபத்து, தண்ணீருக்கும் ஆபத்து.

மூன்றாவது: மூத்திரம்

சாணத்தை அள்ளிச் சேர்க்கும் நாம் மூத்திரத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது, சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதைவிடக் கூடுதல். மண் தரையில் கட்டினால் அது அங்கேயே ஊறி இறங்கும், வருஷக்கணக்காக அதே இடத்தில் இறங்கினால் கீழே இருக்கும் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிமெண்ட் தரை போட முடிந்தால் பின்பக்கம் லேசாகச் சரிவு வைத்து, ஒரு சின்ன வாய்க்கால் விட்டு, பள்ளத்தில் புதைத்த பிளாஸ்டிக் டிரம்மில் சேருங்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தீவனப் புல்லுக்கு விடலாம், அல்லது எருக்குழியிலேயே ஊற்றலாம். சிமெண்டுக்குக் காசு இல்லையா, கவலை வேண்டாம். மாடு தின்று மிச்சம் வைத்த ராகித் தாள், மாந்தோப்புச் சருகு, கடலைத் தொலி, காய்ந்த மண், எது கிடைக்கிறதோ அதை மாட்டுக்கடியில் பரப்புங்கள், ஊறியதைக் காலையில் சாணத்தோடு சேர்த்து அள்ளிக் குழியில் போடுங்கள். மாந்தோப்பில் சருகைக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அதைவிட நல்ல படுக்கை மாட்டுக்குக் கிடைக்காது.

நான்காவது: எருக்குழி

கிணறு, போர்வெல், ஓடை எதுவாக இருந்தாலும் 100 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில், ஆனால் தண்ணீர் தேங்காத இடத்தில் குழி வேண்டும். வாசல் சின்னது என்றால் 50 அடியாவது விடுங்கள். 6 அடி அகலம், 3 அடி ஆழம், நீளம் உங்கள் மாட்டுக் கணக்குக்குத் தகுந்த மாதிரி. பாறை முட்டும் இடத்தில் ஆழம் போகாதீர்கள், தரைக்கு மேலே கல் அடுக்கித் தொட்டி மாதிரி கட்டிக்கொள்ளலாம். குழியின் அடியைக் களிமண் போட்டு நன்றாக மிதித்து இறுக்குங்கள்.

ஒரு சாண் சருகு, அதன் மேல் சாணம், ஒரு கை மண், மறுபடி சருகு என்று அடுக்குங்கள். வெறும் சாணமாகக் கொட்டினால் ஈரம் அதிகமாகி நாறும், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சில நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியை உள்ளே செருகிக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள், கம்பி நன்றாகச் சுட்டால் வேலை நடக்கிறது. அந்தச் சூட்டில் களை விதையும் பல கிருமியும் சாகும். மாதம் ஒரு முறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் மக்கிவிடும், மண்வாசனை வரும், சாண நாற்றம் இருக்காது. மேலே தென்னை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு செய்துவிட்டு மழையில் திறந்து போட்டால் மொத்தமும் வீண்.

ஐந்தாவது: கணக்கு

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முதலில் மண் பரிசோதனை. எரு போடுவதற்கு முன்னால், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, வி எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே அளவாக மண் சீவி எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எரு குவித்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, இப்படியே அரைக் கிலோ வரும் வரை குறைத்து, நிழலில் உலர்த்தி, வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவைப் புரிந்துகொள்ள பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்கலாம்.

இப்போது எருவின் கணக்கு. ஒரு கலப்பினப் பசு ஒரு நாளைக்கு 15 கிலோ சாணமாவது போடும். இரண்டு மாட்டுக்கு வருஷத்தில் 11 டன் அளவு, மக்கிய பிறகு சருகையும் சேர்த்து 5 டன் என்று வையுங்கள். நன்றாக மக்கிய தொழு உரத்தில் டன்னுக்குத் தழைச்சத்து 5 கிலோ, மணிச்சத்து 2 கிலோ, சாம்பல்சத்து 5 கிலோ இருக்கும். ஆக 5 டன்னில் 25, 10, 25 கிலோ. தழைச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முதல் பயிருக்குக் கிடைக்கும், 8 கிலோ என்று எடுத்துக்கொள்வோம்.

இறவை ராகிக்குப் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் எக்டேருக்கு 60:30:30 கிலோ, அதாவது ஏக்கருக்கு 24:12:12. தழைச்சத்து 24 கிலோவில் எரு கொடுக்கும் 8 போனால் 16. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் 35 கிலோ யூரியா போதும், எருவைக் கணக்கில் எடுக்காவிட்டால் 52 கிலோ போட்டிருப்பீர்கள். மிச்சமான 17 கிலோ உங்கள் காசு, கூடவே கிணற்றில் இறங்காத நைட்ரேட். சாம்பல்சத்துக்கு எருவே போதும். மணிச்சத்து மண் முடிவில் எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம் என்று பொருள், அந்த நிலத்துக்கு மணிச்சத்துக்காகப் போடும் டிஏபி உரம் தேவையில்லை.

கோழி எருவுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்! ஆழ்கூளக் கோழி எருவில் (உமி மாதிரி கூளம் பரப்பிய தரையில் வளர்க்கும் கோழியின் எரு) டன்னுக்கு 30 கிலோ தழைச்சத்தும் 26 கிலோ மணிச்சத்தும் இருக்கிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிக்கும், ஓசூர், தளி பக்கம் பூவுக்கும் லோடு லோடாக இறக்கி, அதற்கு மேல் டிஏபியும் போடுகிறார்கள். 3 டன் கோழி எரு போட்டாலே மணிச்சத்து 78 கிலோ ஆகிவிடும். வருஷா வருஷம் இப்படிப் போனால் மண்ணில் சேர்ந்துகொண்டே இருந்து, மண் அரிக்கும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்குப் போகும். ஆட்டு எருவும் மாட்டெருவைவிடச் சத்து கூடியது, பட்டி போட்ட நிலத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

ஆறாவது: எப்போது போடுவது

மாசி, பங்குனியில் வேலை குறைவு என்று எருவை வயலில் அடித்துச் சின்னச் சின்னக் குவியலாக விட்டுவிட்டு, உழவை ஆடிக்குத் தள்ளிப்போடுவது நம் பழக்கம். நடுவில் என்ன நடக்கிறது? வெயிலில் காய்ந்து தழைச்சத்து கொஞ்சம் பறந்துபோகும், சித்திரை வைகாசியில் இடியோடு கோடை மழை ஒரு மணி நேரம் கொட்டினால் காய்ந்த இறுகிய நிலத்தில் தண்ணீர் இறங்காமல் எருவை வாரிக்கொண்டு ஓடும். குவியல் இருந்த இடத்தில் மட்டும் பயிர் கருகருவென்று வளர்வதைப் பார்த்திருப்பீர்கள், மீதி வயலுக்கு எரு போய்ச் சேரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். எரு குழியிலேயே மூடி இருக்கட்டும். கடைசி உழவுக்கு முந்தின நாளோ அன்றைக்கோ அடித்து, சமமாக இறைத்து, அன்றே உழுதுவிடுங்கள். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். கனமழை எச்சரிக்கை இருந்தால் எருவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள், மணல் கலந்த செம்மண்ணில் இது கட்டாயம்.

ஓடையோ ஏரியோ வயலை ஒட்டி இருந்தால் அந்த ஓரத்தில் 20 அடிக்கு எருவும் உரமும் போடாமல் கோ-4, கோ-5 மாதிரி தீவனப் புல் நடுங்கள், அல்லது வெட்டிவேர். அரித்து வரும் மண்ணை அது பிடித்துக்கொள்ளும், புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டால் அந்தச் சத்து திரும்ப உங்கள் கொட்டாய்க்கே வந்துவிடும்.

கடைசி: தண்ணீரைச் சோதிப்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 2 லிட்டர் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு இரண்டையும் கேளுங்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் வந்தால் அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை அன்றே நிறுத்திவிட்டு, குடிக்கச் சமைக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். அப்புறம் முதல் வேலையில் போட்ட கோட்டுப் படத்தை எடுத்து, குப்பைமேடு தவிர கழிவறைக் குழியோ பக்கத்து வீட்டுக் கொட்டாயோ கிணற்றுக்கு அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் கீழே ஏற்கெனவே இறங்கியது குறைய ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகலாம், அதனால் ஒவ்வொரு முடிவுத் தாளையும் தேதி எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.