வாட்ஸாப் புரோக்கர் மூலம் புதுக் கார் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் இப்படி

இப்போதெல்லாம் கார் வாங்க ஷோரூம் ஷோரூமாக அலைய வேண்டியதில்லை. இன்ஸ்டாவில் ஒரு ரீலைப் பார்த்துவிட்டு நம்பரைத் தட்டிவிட்டால் போதும், அரை மணி நேரத்தில் "சார், எந்த மாடல், எந்த கலர், லோனா கேஷா?" என்று வாட்ஸாப்பில் புரோக்கர் வந்துவிடுவார். போன ஆடியில் நானும் அப்படித்தான் வாங்கினேன். பக்கத்து ஷோரூம் சொன்ன விலையைவிட 30,000 சொச்சம் மிச்சமானது உண்மை. நடுவில் 21,000 ரூபாய் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு தூக்கம் கெட்டதும் உண்மை.

முதலில் அந்த ஆள் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். டீலருக்கு மாதா மாதம் டார்கெட் உண்டு, அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போகும். அது போக இன்ஷூரன்ஸில் கொஞ்சம், லோனில் கொஞ்சம். "உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டேன் சார்" என்பார். சரிதான், உங்கள் கையிலிருந்து வாங்க மாட்டார், பில்லுக்குள் வாங்கிக்கொள்வார். அதில் தப்பொன்றும் இல்லை, நாலு டீலரிடம் விலை கேட்டு வாங்கித் தருகிறாரே, உழைப்புதானே. ஆனால் எந்த வரியில் வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து "ஆன்ரோடு 11.80 லட்சம், ஃபைனல்" என்று ஒற்றை வரியில் அனுப்பினால் பதிலே போடாதீர்கள். டீலரின் லெட்டர்ஹெட்டில், ஜிஎஸ்டி எண்ணோடு, தேதி போட்ட புரோஃபார்மா இன்வாய்ஸ் கேளுங்கள், அதாவது ஒவ்வொரு தொகையும் தனித்தனியாகப் போட்ட முன்கூட்டிய பில். அந்த எண் 33 என்று ஆரம்பித்தால் தமிழ்நாட்டு டீலர், 34 என்றால் புதுச்சேரி. ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டுத் தேடினால் கடையின் பெயர் வந்துவிடும், ஒரு நிமிஷ வேலை. தேதி ஏன் என்றால், பழைய விலைப்பட்டியலையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-ல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு முந்தைய விலையைக் காட்டி "50,000 குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் அது டிஸ்கவுண்டா என்ன?

இனி உள்ளே இருக்கிற வரிகள். எக்ஸ் ஷோரூம் விலையில், அதாவது ரோடு டாக்ஸும் இன்ஷூரன்ஸும் சேராத வண்டி விலையில், யாரும் விளையாட முடியாது, கம்பெனி தளத்திலேயே இருக்கும். ரோடு டாக்ஸும் அப்படித்தான், ஆனால் அதன் படிக்கட்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதாவது 9.90 லட்ச வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்ச வண்டிக்கு 1,81,800. விலையில் 20,000 வித்தியாசம், வரியில் 53,000. இத்தோடு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் வேறு, டீலர் உங்களிடம் வாங்கி வருமான வரித் துறைக்குக் கட்டுகிற தொகை அது. "சன்ரூஃப் இருக்கிற வேரியன்ட் கொஞ்சம்தான் சார் அதிகம்" என்று புரோக்கர் இழுக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சன்ரூஃபைத் திறந்தால் நம் ஊர் வெயில்தான் உள்ளே வரும், அது வேறு விஷயம்.

வரி கம்மி என்று புதுச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன் பேச்சை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே உண்மையான விலாசம் இல்லாமல் பதிவு செய்வதே வில்லங்கம், வண்டியை நிரந்தரமாக இங்கே ஓட்டினால் வரியை இங்கேயும் கேட்பார்கள்.

பேரம் பேச இடம் இருப்பது மூன்று இடத்தில்தான். ஒன்று, ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்று 5,000, 10,000 போட்டிருப்பார்கள், அதை அடித்துவிட்டு புதுப் பில் அனுப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் முணுமுணுக்காமல் அனுப்பிவிடுவார்கள். அடுத்தது ஆக்சஸரீஸ் கிட், வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மூன்றாவதுதான் பெரிசு, இன்ஷூரன்ஸ். புது வண்டிக்கு, அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி மூன்று வருஷத்துக்குக் கட்டாயம், நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் வழக்கமாக ஒரு வருஷத்துக்குப் போடுவார்கள். எனக்கு வந்த பில்லில் 52,000 இருந்தது. அதே ஐடிவி (வண்டிக்கு இன்ஷூரன்ஸில் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்) போட்டு வெளியே கேட்டேன், 38,000. "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்றார் புரோக்கர், அதாவது ரிப்பேர் பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஒர்க்ஷாப்புக்கு நேராகக் கட்டும் வசதி. கேஷ்லெஸ் என்பது அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அந்த ஒர்க்‌ஷாப்போடு டைஅப் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்தது இல்லை. வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்றதும் அவரே 40,000-க்கு இறங்கி வந்தார். 2,000-க்காக மல்லுக்கட்ட வேண்டாம் என்று அங்கேயே எடுத்துவிட்டேன்.

லோன் என்றால் "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா" என்று முதல் கேள்வியே கேளுங்கள். ஃப்ளாட் என்றால் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி, ரெட்யூசிங் என்றால் பாக்கி இருக்கிற கடனுக்கு மட்டும். 8 லட்சம், 5 வருஷம், 5 சதவீதம் ஃப்ளாட் என்றால் மாதம் 16,667. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் ரெட்யூசிங் கணக்கில் அது 9 சதவீதத்துக்கு மேல். சம்பளம் போகிற பேங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

குறிப்பிட்ட கம்பெனி ஊழியர்களுக்கான கார்ப்பரேட் டிஸ்கவுண்ட், பழைய வண்டியைக் கொடுப்பவர்களுக்கான எக்ஸ்சேஞ்ச் போனஸ் எல்லாம் உங்களுக்குத் தகுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். "ஐடி கார்டு நான் அரேஞ்ச் பண்றேன்" என்பவரிடம் அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திவிடலாம்.

இப்போது அந்த 21,000 கதை. புரோக்கர் "ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது" என்று அவசரப்படுத்தினார், நானும் அவருடைய ஜிபே நம்பருக்கே புக்கிங் பணத்தைப் போட்டுவிட்டேன். மறுநாள் டீலரிடம் போன் போட்டால் என் பெயரில் புக்கிங்கே இல்லை. அந்த மனுஷன் ஏமாற்றுக்காரர் இல்லை, என் பணத்தை வேறு ஒரு வண்டிக்குப் புரட்டிவிட்டார், அவ்வளவுதான். மூன்று வாரம் தினமும் போன், கடைசியில் வந்தது. அதனால் ஒரு ரூபாயானாலும் டீலரின் கம்பெனி பெயரில் இருக்கிற பேங்க் அக்கவுண்டுக்குத்தான் போக வேண்டும், ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும். கேஷாகக் கொடுத்தால் விலை குறையும் என்றாலும் கேட்காதீர்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்திலேயே டீலருக்கு இடம் இல்லை.

பாக்கிப் பணத்தைக் கட்டும் முன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் முன், வண்டியை யார்டில் நேரில் போய்ப் பாருங்கள். புரோக்கர் வீடியோ அனுப்புகிறேன் என்பார், வீடியோவில் எல்லா வண்டியும் புதுசுதான். நான் காலை பத்து மணிக்கு ஒரு டார்ச்சும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு போனேன். புழுதி படிந்து வரிசையாக நிற்கும், நம்முடையது எது என்று வண்டியின் உடலில் பொறித்த சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்வாய்ஸிலும் இன்ஷூரன்ஸிலும் அதுவே இருக்கிறதா என்று பார்க்க. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம் செய்த டயர். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலமாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தள்ளி நின்றால் ஏன் என்று கேளுங்கள். வண்டி எந்த மாதம் செய்தது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், ஆர்சியில் அதுதான் ஏறும். ஜனவரியில் வாங்குபவர்கள் இதை விடவே கூடாது, போன டிசம்பர் வண்டி என்றால் விற்கும்போது ஒரு வருஷம் பழசாகிவிடும். கதவு இடுக்குகளில் பெயின்ட் நிறம் மாறுகிறதா, போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா, கிலோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது. கோயம்புத்தூர் டீலரிடம் எடுத்துச் சென்னையில் தருகிறேன் என்றால், லாரியில் ஏற்றி வருகிறார்களா டிரைவர் போட்டு ஓட்டி வருகிறார்களா என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மாலை போட்டு பூஜை செய்ய எனக்கு மனசு வராது.

காலம் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் டெலிவரி எடுக்க நம் ஆட்கள் தயங்குவதால் அந்த மாதம் டீலர் கொஞ்சம் தணிந்து பேசுவார். ஆடியிலேயே விலை பேசி பில் போட்டுவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து வண்டியை எடுக்கலாம், நான் செய்தது அதுதான்.

டெலிவரி அன்று சாவி இரண்டு, இன்வாய்ஸ், பாலிசி, வரி ரசீது, ஃபாஸ்டேக், வாரன்டி புத்தகம் எல்லாம் கையில் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டோவுக்கு நிற்க வேண்டும். புரோக்கர் அன்றைக்கு வந்து ரிப்பன் பிடிப்பார், அதன் பிறகு போன் எடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். டீலரின் சேல்ஸ் மேனேஜர் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் வாங்கி டிசிஎஸ் கட்டியிருந்தால் உங்கள் பான் எண்ணைச் சரியாக ஏற்றியிருக்கிறார்களா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது அந்த 10,000 சொச்சம் வருமான வரித் தளத்தில் உங்கள் வரிக் கணக்கில் தெரிந்தால்தான் கழித்துக்கொள்ள முடியும்.