கல்லிடுக்கில் மண் கரையாமல் நின்றது: என் அனுபவம்
மொட்டைமாடியில் ஆழமில்லாத சிமென்ட் தட்டில் கருங்கற்களை அடுக்கி, இடுக்குகளில் இச்சிக் கன்றுகள் நட்டு ஒரு குட்டி மலை அமைத்தேன். வியட்நாமில் இப்படிச் செய்வதை ஹோன் நோன் போ என்பார்கள்; அங்கே பாறையைச் சுற்றித் தண்ணீரும் நிற்கும். என் மலையில் சிக்கல் மண்தான். பூவாளியால் ஊற்றினாலே இடுக்கு மண் கரைந்து தட்டுக்கு வந்துவிடும். வேர் வெளியே தெரியும், இலை நுனி கருகும்.

களிமண்தான் கைகொடுத்தது. குளத்துக் களிமண்ணையும் சலித்த தேங்காய் நார்த்தூளையும் சம அளவில் பிசைந்தேன். உருட்டினால் விரிசல் விடக்கூடாது, கையிலும் ஒட்டக்கூடாது. கொழுக்கட்டை மாவுப் பதம். அதை இடுக்கின் விளிம்பில் வரப்பு மாதிரி அணைத்து, உள்ளே மணலும் செங்கல் பொடியும் கலந்த மண்ணை நிரப்பினேன். வேர்களைக் கல்லோடு அழுத்திச் சணல் கயிற்றால் சுற்றினேன். கம்பியை நான் தொடவே மாட்டேன், வேர் பருக்கும்போது பட்டைக்குள் பதிந்துவிடும். சணல் தானாக மக்கிவிடும். மேலே சுவரில் சுரண்டிய பாசியைப் பதித்து, கொஞ்ச காலம் தெளிப்பானால் மட்டும் நீர் விட்டேன்.

அப்புறம் மண் இறங்கவில்லை. இந்தக் களிமண் வேலைக்காகக் கன்றுகளைப் பிரித்து மறுபடி நடும்போதே பெரிய கன்றை முன்னாலும், சிறு இலைக் கன்றுகளைப் பின்னால் உயரத்திலும் மாற்றினேன். மலை தூரத்தில் இருப்பதுபோல் தெரிவது அதனால்தான்.