எஃகு சேமிப்புத் தொட்டி: வெல்டிங்கா, போல்ட்டா? தேர்ந்தெடுக்கும் முறை

எஃகுத் தொட்டி அமைக்க முனைபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, வெல்டிங் தொட்டி வலுவானதா, போல்ட் தொட்டி வலுவானதா என்பதுதான். முறையாக வடிவமைத்தால் இரண்டுமே சுமையைத் தாங்கும். தகடுகளின் இணைப்பும் உட்பூச்சும் எங்கே, எந்தச் சூழலில் செய்யப்படுகின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

படி 1: சேமிக்கப்போகும் பொருளை உறுதிசெய்யுங்கள்

போல்ட் தொட்டியில் தகடுகளுக்கு இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டோ (அடைப்புப் பட்டை) சீலன்ட்டோ (அடைப்புப் பசை) இருக்கும். உள்ளே நிற்கும் திரவம் அதைக் கெடுத்துவிடக் கூடாது. பெட்ரோலியப் பொருட்களைப் பெருமளவில் சேமிக்க, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த 650 தரத்தின்படி அமைந்த வெல்டிங் தொட்டியே வழக்கமான தேர்வு. கச்சா எண்ணெய் வயல்களின் போல்ட் தொட்டிகளுக்கு ஏபிஐ 12பி என்ற தரமும் உண்டு. தண்ணீருக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது: வெல்டிங் தொட்டிக்கு ஏடபிள்யூடபிள்யூஏ (அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம்) வகுத்த டி100 தரம், ஆலையிலேயே பூச்சிடப்பட்ட போல்ட் தொட்டிக்கு டி103.

படி 2: சுவரின் மீது விழும் இழுவிசையைக் கணக்கிடுங்கள்

10 மீட்டர் விட்டமும் 6.4 மீட்டர் நீர் உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 500 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம், விட்டம் ஆகியவற்றைப் பெருக்கி இரண்டால் வகுத்தால், அடிப்பகுதிச் சுவரில் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 314 கிலோநியூட்டன், அதாவது 32 டன் எடைக்கு நிகரான இழுவிசை சுற்றுவாட்டில் செயல்படுவது தெரியும். வெல்டிங் தொட்டியில் இந்த விசை தகட்டிலிருந்து தகட்டுக்கு நேராகக் கடந்துவிடும். போல்ட் தொட்டியிலோ செங்குத்து இணைப்பில் உள்ள போல்ட்கள் வழியாகவே அது கடந்தாக வேண்டும்; துளைகள் தகட்டின் குறுக்குப் பரப்பையும் குறைத்துவிடுகின்றன. உயரமும் விட்டமும் சேர்ந்து வளரும்போது போல்ட் வரிசைகளும் கூடுவதால், மிகப் பெரிய தொட்டிகளுக்கு வெல்டிங் பக்கமே தராசு சாய்கிறது.

படி 3: தளத்தையும் பூச்சையும் சேர்த்தே பாருங்கள்

அவசரப்படக் கூடாத படி இதுதான். தளத்தில் கட்டப்படும் வெல்டிங் தொட்டியின் உட்புறத்தை மணல் வீச்சால் துரு நீக்கி, அங்கேயே வண்ணம் பூச வேண்டும். அப்போது தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. மழைக்காலத்திலும் கடலோரத்திலும் இதைக் காப்பது உண்மையிலேயே கடினம். அதில் விட்டுக்கொடுத்தால் பூச்சு சில ஆண்டுகளிலேயே உரியத் தொடங்கலாம்.

போல்ட் தொட்டியின் தகடுகளுக்கோ ஆலையின் கட்டுப்பாட்டுக்குள் எப்பாக்ஸி என்னும் பிசின் பூசப்படுகிறது, அல்லது 800 டிகிரிக்கு மேற்பட்ட சூளையில் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஒட்டப்படுகிறது. இந்தச் சாதகத்தைத் தளத்தில் இழந்துவிடாதீர்கள். தகட்டைத் தரையில் இழுத்தால் விளிம்பில் பூச்சு பெயரும். பூசிய தகட்டில் பிறகு தளத்தில் வெல்டிங் வைத்தால் பூச்சு கருகும். ஆகவே குழாய்த் துளைகள், ஏணி, ஆள்நுழைவாயில் அனைத்தின் இடத்தையும் தகடு ஆலையில் இருக்கும்போதே முடிவுசெய்யுங்கள்.

பெரிய வாகனம் வர இயலாத இடத்துக்கும், தீப்பொறி அனுமதிக்கப்படாத வளாகத்துக்கும், பின்னாளில் கழற்றி மாற்ற வேண்டிய தேவைக்கும் போல்ட் தொட்டியே பொருந்தும் என்பது என் கருத்து.

படி 4: விலைப்புள்ளிகளைச் சமமாக்கி ஒப்பிடுங்கள்

வெல்டிங் தொட்டியின் விலையில் தளத்துப் பூச்சு, வெல்டிங் சோதனை, சாரம் ஆகியவையும், போல்ட் தொட்டியின் விலையில் தகட்டுப் போக்குவரத்து, சீலன்ட், அடித்தள இணைப்பு ஆகியவையும் அடங்கியுள்ளனவா என்று வரிக்கு வரி பாருங்கள். பிற்காலத்தில் மறுபூச்சுக்கும் சீலன்ட் மாற்றத்துக்கும் ஆகும் செலவையும் தனியாக எழுதிச் சேருங்கள்.

படி 5: ஏற்பதற்கு முன் சோதியுங்கள்

வெல்டிங் தொட்டியின் அடித்தகட்டு இணைப்பில் சோப்புக் கரைசலைத் தடவி, கண்ணாடி மூடிய வெற்றிடப் பெட்டியை அதன்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். குமிழி தோன்றும் இடத்தில் துளை இருக்கிறது. பிறகு இரு வகைத் தொட்டிகளையும் நீரால் நிரப்பிப் பார்க்க வேண்டும். போல்ட் ஒன்றின் அருகே ஈரம் கசிந்தால், அதை மேலும் முறுக்குவது சீலன்ட்டைப் பிதுக்கி வெளியேற்றிவிடலாம். நீர்மட்டத்தைக் குறைத்து, போல்ட்டைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுத்தம் செய்து புதிதாகப் பூசி இணைக்கச் சொல்லுங்கள்.