பாவித்த லீஃப் வாங்க முதல் அந்தச் சின்னக் கோடுகளை எண்ணுங்கள்

கார் பார்க்கப் போனால் நாங்கள் பெயின்ற்றையும் ஓடிய கிலோமீற்றரையும்தான் முதலில் பார்ப்போம். பாவித்த மின்சாரக் காருக்கு அந்தக் கணக்கு சரிவராது. அங்கே விலையே பற்றரிக்குத்தான்.

முதல் தலைமுறை நிசான் லீஃப் என்றால், டாஷ்போர்டில் சார்ஜ் காட்டும் கோடுகளுக்கு வெளிப்பக்கமாக மெல்லிய சின்னக் கோடுகள் நிற்கும். புதுசில் 12. முதல் கோடு போனாலே பற்றரியின் கொள்ளளவில் சுமார் 15 வீதம் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்தடுத்த கோடு ஒவ்வொன்றும் 6 வீதத்துக்குச் சற்று மேல். புதுசில் 117 கிலோமீற்றர் ஓடிய 24 கிலோவாட் மணி பற்றரி, 8 கோட்டில் 75 அளவில்தான் ஓடும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போய்வரவே ஏறக்குறைய 65 கிலோமீற்றர். ஏசியும் போட்டால் மனம் பதறும். கிளிநொச்சி போய்வர நினைக்கவே வேண்டாம்.

கோடுகளை ரீசெற் பண்ணி 12 ஆகக் காட்டி விற்கிறவர்களும் உண்டு. அதனால் காரின் கணினித் தரவை வாசிக்கும் ஓபிடி கருவி பூட்டி, கைபேசியில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்து எஸ்ஓஎச் வீதத்தை, அதாவது புதுசோடு ஒப்பிட்டால் பற்றரி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையா, காரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும் சரி.

வாங்கியபின், முழுச் சார்ஜோடு வெயிலில் விடாதீர்கள். இந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை; வேப்பமர நிழல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.