செக் எஞ்சின் லைட் எரிந்ததும் பார்ட் வாங்க ஓடாதீர்கள்

ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டரில் மஞ்சள் லைட் வருகிறது, ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகுகிறார்கள், பி0299 என்று ஒரு பழுதுக் கோட் (code) காட்டுகிறது, நெட்டில் தேடினால் "டர்போ பூஸ்ட் குறைவு" என்று போட்டிருக்கிறது, உடனே டர்போ என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகிற ஹோஸில் கிளாம்ப் லூஸாக இருந்தாலும் அதே பி0299தான் வரும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இவ்வளவு வேண்டும் என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்டது, சென்சார் அதைவிடக் குறைவாகக் காட்டியது, அந்தக் கோடுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஏன் குறைந்தது என்று நாம்தான் தேட வேண்டும்.

முதல் தவறு, கோடை அழித்துப் பார்ப்பது. "அழிச்சுட்டு ஓட்டிப் பாருங்க, திரும்ப வந்தா பார்க்கலாம்" என்று நிறைய இடங்களில் சொல்கிறார்கள். அழிக்கும்போது கோட் மட்டும் போவதில்லை, அதோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். பழுது பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி, எஞ்சின் மேல் லோடு எவ்வளவு, என்ன வேகம் என்பதையெல்லாம் ஈசியூ எடுத்து வைத்திருக்கும் குறிப்பு அது. பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் 28 டிகிரி, 1,100 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம் என்று இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே மிஸ் ஆகியிருக்கிறது. அப்போது இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) ஒழுகலையும் வால்வில் படிந்த கார்பனையும் சந்தேகப்படலாம் (சிலிண்டருக்குள் நேரடியாக மட்டும் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்டேக் வால்வு பெட்ரோலால் கழுவப்படுவதே இல்லை, அதனால் அங்கே கார்பன் படிவது சகஜம்). அதே பி0302, கூலன்ட் 95, 4,800 ஆர்பிஎம், ஃபுல் லோடு என்று இருந்தால் நான் முதலில் கை வைப்பது ஸ்பார்க் ப்ளக்கிலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலிலும்தான். ஒரே கோட், இரண்டு வேறு வண்டிகள் மாதிரி. தயவுசெய்து அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அழித்தால் லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்மும் (பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க ஈசியூ கற்றுவைத்திருக்கும் திருத்தம்) பூஜ்யத்துக்கு வந்துவிடும், ரெடினஸ் மானிட்டர்களும் (புகை சம்பந்தப்பட்ட பாகங்களை ஈசியூ தானே செய்து பார்க்கும் சோதனைகள்) முதலிலிருந்து ஓட வேண்டியிருக்கும். பழைய கார் வாங்கப் போகும்போது கோட் ஒன்றுமில்லை, ஆனால் மானிட்டர் எதுவும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காரணம் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

லைட் நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல. மின்னுகிறது என்றால் கேடலிஸ்ட்டை (எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் ஆகிறது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குள் போய் கேடலிஸ்ட்டில் எரிந்து, சூடு ஏறி, உள்ளே இருக்கும் செராமிக் உருகிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, ஓரமாக நிறுத்திவிடுங்கள், "வீடு பக்கத்துலதான்" என்று மிதிக்காதீர்கள். சிவப்பு ஆயில் லைட் வந்தால் அதைவிட அவசரம், ஸ்கேனரைத் தேடாமல் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும்.

மிஸ்ஃபயர் வந்தவுடன் நாலு காயிலையும் மாற்றுவது அடுத்த தவறு. செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, இரண்டாவது சிலிண்டரின் காயிலை நாலாவதுக்கும், இரண்டாவதின் ப்ளக்கை மூன்றாவதுக்கும் மாற்றிப் போடுங்கள். குறிப்பு எடுத்துக்கொண்டு கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0304 வந்தால் காயில், பி0303 வந்தால் ப்ளக், மறுபடி பி0302வே வந்தால் இரண்டும் நல்லாத்தான் இருக்கிறது, இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். ஸ்டேஜ் 1 ட்யூன் (பவர் கூட்ட ஈசியூ மென்பொருளை மாற்றுவது) போட்ட வண்டியாக இருந்தால் ஃபீலர் கேஜ் வைத்து ப்ளக் கேப்பையும் (ஸ்பார்க் தாவும் இடைவெளி) பாருங்கள். பூஸ்ட் ஏற்றினால் அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் தாவுவது கஷ்டமாகிறது, அதனால் ட்யூன் செய்தவர்கள் பலர் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை கேப்பைக் குறைத்துப் போடுகிறார்கள். கேப் அதிகமாக இருந்தால் புதுக் காயிலும் ஃபுல் த்ராட்டிலில் மிஸ் ஆகத்தான் செய்யும்.

பி0171, அதாவது கலவை லீன் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை), வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது பெரிய வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் அந்த சென்சார் பாவம், பெரும்பாலும் சரியான தகவலைத்தான் சொல்லியிருக்கும். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் என்ற லைவ் டேட்டாவைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) +20 சதவீதம், 3,000 ஆர்பிஎம்மில் +4 என்று இறங்குகிறது என்றால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. ஐடிலில் உறிஞ்சும் காற்று கொஞ்சம்தான், அதனால் சின்ன லீக்கும் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏற ஏற அதே லீக் மொத்தக் காற்றில் கரைந்துவிடும். விஆர்எஸ்ஸில் இருக்கிற இஏ888 குடும்ப எஞ்சின்களில் இதற்குப் பெயர்போன இடம் பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு). உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால் ஐடிலில் மெல்லிய விசில் கேட்கும், ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் போனால் உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி இறுக்கமாக இருக்கும். அதை அப்படியே விட்டால் கிராங்க் பின்பக்க ஆயில் சீலும் போகலாம், அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ட்ரிம் இதற்கு நேர்மாறாக, ஐடிலில் நார்மலாக இருந்து லோடில் ஏறினால், பெட்ரோல் பிரஷரையும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள். எண்ணெய் பூசுகிற வகை பர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் போட்டு, சர்வீஸில் எண்ணெய் அதிகமாகத் தடவிவிட்டால் அந்த சென்சாரில் படிந்து காற்றின் அளவைத் தப்பாகக் காட்டலாம்.

சரி, பி0299க்கு வருவோம். டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில் வரை ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பைப்புக்குள் லேசான ஆயில் ஆவி எப்போதும் போகும், அதனால் லீக் ஆகும் இடத்தில் வெளியே எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசியுமாகக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். கண்ணில் படவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட் (பைப்புக்குள் புகையை விட்டு லீக் தேடுவது) செய்யச் சொல்லுங்கள். அப்புறம் டைவர்ட்டர் வால்வு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சிய பூஸ்ட்டைத் திருப்பிவிடுவது), வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் (பூஸ்ட் அளவைக் கட்டுப்படுத்துவது) இரண்டையும் பாருங்கள். இவையெல்லாம் சுத்தமாக இருந்து, ஈசியூ கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் லாகில் (ஓட்டும்போது ஸ்கேனர் பதிவு செய்த டேட்டாவில்) விலகியே நின்றால் மட்டும் டர்போவைப் பற்றிப் பேசலாம்.

கேடலிஸ்ட் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட்டுக்குப் போகும் பைப்) மாட்டினால் பி0420, அதாவது கேடலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட், வரும். அதற்காக ட்யூனில் அந்தக் கோடையே ஆஃப் செய்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புகை விதிகளை மீறுவது ஒரு பக்கம், நாளைக்கு வேறு மெக்கானிக் பார்க்கும்போது அந்த வழியே அடைபட்டிருக்கும். எதையும் மாற்றாத ஸ்டாக் வண்டியில் பி0420 வந்தால் புது கேடலிஸ்ட் போடுவதற்கு முன் பழையது ஏன் செத்தது என்று கண்டுபிடியுங்கள். மிஸ்ஃபயரோ ஆயில் எரிவதோ தொடர்ந்தால் புதியதும் அதே கதிதான்.

பத்துப் பன்னிரண்டு கோட் ஒரே நேரத்தில், அதுவும் 'யு' என்று ஆரம்பிப்பவை வரிசையாக வந்தால் பயப்படாமல் பேட்டரியைப் பாருங்கள். வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்டேஜ் ரொம்ப விழுந்தால் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் இப்படித்தான் புகார் செய்யும். ஃபோக்ஸ்வேகன் குடும்ப வண்டிகளில் ஈபிசி லைட் (எஞ்சின், த்ராட்டில் கட்டுப்பாட்டுக்கான எச்சரிக்கை) வந்தால் பிரேக் லைட் ஸ்விட்சையும் ஒருமுறை பாருங்கள், மலிவான பார்ட்.

மலிவு ஸ்கேனர் தப்பில்லை, ஆனால் அதோடு வரும் ஆப் பெரும்பாலும் பொதுக் கோடுகளை மட்டும் படிக்கும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ் யூனிட்டுகளுக்குள் போக விசிடிஎஸ், ஓபிடிலெவன் மாதிரி அந்தக் குடும்பத்துக்கென்றே உள்ள கருவி வேண்டும். விசிடிஎஸ்ஸில் 16684 என்று ஐந்து இலக்கம் வந்தால் குழம்ப வேண்டாம், 16384ஐக் கழித்தால் 300, அதாவது நமக்குத் தெரிந்த பி0300தான்.

வேலை முடிந்து லைட் அணைந்திருப்பதை மட்டும் பார்த்து வண்டியை எடுக்காதீர்கள். நிறைய கோடுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் பழுது தெரிந்தால்தான் லைட்டை எரியவிடும், முதல் தடவை பெண்டிங் என்று மட்டும் பதிவாகும். அதனால் காலையில் குளிர்ந்த எஞ்சினிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் ஹைவேயில் ஓட்டிவிட்டு பெண்டிங் கோடையும் ட்ரிம்மையும் நீங்களே மறுபடி படியுங்கள். ஒர்க்ஷாப்பில் விடும்போதே கோட் எண், ஃப்ரீஸ் ஃப்ரேம் ஸ்கிரீன்ஷாட், வண்டியில் இதுவரை என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்ற விவரம் மூன்றையும் கையில் கொடுத்துவிடுங்கள், ட்யூன் போட்டதை மறைக்க வேண்டாம், எந்தச் சோதனையில் எந்த பார்ட் போச்சு என்று தெரிந்தது என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.