ஹீட்டரில் மறுபடி மறுபடி ஈ-2 வந்தால்

ஊட்டியில் நான் ரிப்பேர் கடை போட்டு இருபத்தொரு வருஷமாகிறது. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். தலைக்குந்தா பக்கம் உறைபனி விழ ஆரம்பித்தால் மேசை முழுக்க ரூம் ஹீட்டர்தான். போன டிசம்பரில் ஒரு அக்கா ஒரே ஹீட்டரை மூன்று தடவை தூக்கிக்கொண்டு வந்தார். ஃபேன் வைத்த செராமிக் ஹீட்டர், 2000 வாட்ஸ், முன்பக்கம் சின்ன டிஸ்ப்ளே. ஏதாவது கோளாறு என்றால் அதில் ஈ-1, ஈ-2 என்று எர்ரர் கோடு (பழுதுக் குறியீடு) வரும். "மறுபடியும் அதே ஈ-2 தான் வருது தம்பி. அத்தைக்கு ராத்திரியெல்லாம் கால் விறைச்சுப் போகுது."

முதல் தடவை தூசியைத் தட்டிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினேன். இரண்டு தடவையும் என் கடையில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. மூன்றாம் தடவைதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எப்போ வருதுக்கா?" "சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் தம்பி. காலையில ஒண்ணும் பண்ணாது."

உங்கள் ஹீட்டரிலும் இதைத்தான் முதலில் பாருங்கள். கோடு என்ன என்பதைவிட அது எப்போது வருகிறது என்பது அதிகம் சொல்லும். சுவிட்ச் போட்ட உடனே வந்தால் சென்சாரோ, அதன் வயரோ, கவிழ்ந்தால் நிறுத்தும் சுவிட்சோ, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டோதான் சந்தேகம். ஐந்து பத்து நிமிஷம் ஓடிய பிறகு வந்தால் பெரும்பாலும் உள்ளே சூடு ஏறுகிறது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்தால் ஹீட்டரை விட்டுவிட்டு வீட்டு கரண்டைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும்.

கோடுக்கு அர்த்தம் ஹீட்டரோடு வந்த புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு கம்பெனி சென்சார் பழுதுக்கு வைக்கும் ஈ-1 இன்னொரு கம்பெனியில் ஹீட்டர் சாய்ந்துவிட்டது என்பதாக இருக்கலாம். புத்தகம் தொலைந்திருந்தால் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரை வைத்துத் தேடுங்கள். வேறு மாடலுக்குப் போட்ட வீடியோவைப் பார்த்துக் கழற்ற வேண்டாம். இன்னொன்று, போர்டு தான் உணர்ந்ததை மட்டுமே சொல்கிறது. சூடு அதிகம் என்று அது சொன்னால் சூடு அதிகம், அவ்வளவுதான். ஏன் அதிகம் என்று நாம்தான் தேட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டில் தானாக நின்றுபோகும் கட்-அவுட் சில மாடல்களில் ப்ளக்கைப் பிடுங்கினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். சுவிட்சை மட்டும் அணைத்து அணைத்துப் போட்டால் அதே கோடுதான் வரும்.

ஆறிய பிறகு பின்பக்கம் திருப்புங்கள். காற்று உள்ளே போகும் வலை அங்கேதான் இருக்கும். இங்கே வீடுகளில் கம்பளியும் ஸ்வெட்டரும் அதிகம் இல்லையா, அந்த நூல் தும்பு வலையில் படிந்து சாம்பல் நிறத்தில் ஃபெல்ட் துணி மாதிரி ஆகிவிடும். விரலால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் சுற்றினாலும் சூட்டை எடுத்துப் போகும் காற்று இங்கே கம்மி. கீழே கோயம்புத்தூரில் தாக்குப்பிடிக்கும் அளவு தூசியே இங்கே ஹீட்டரை நிறுத்திவிடலாம். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். ப்ளோயர் அடிப்பவர்கள் ஃபேன் இறக்கை சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

அப்புறம் அது நிற்கும் இடம். திரை, கட்டில், போர்வையிலிருந்து மூன்றடி தள்ளி, சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். ஹீட்டரைத் தூக்கினால் அடியில் ஒரு சின்ன பட்டன் நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்கள் உண்டு. தரையில் வைத்ததும் அது 'டிக்' என்று அமுங்க வேண்டும். தடிமனான கார்ப்பெட்டில் வைத்தால் சரியாக அமுங்காது, கவிழ்ந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். பட்டனில் தூசி அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

இவ்வளவும் செய்தும் கோடு வந்தால், அக்கா வீட்டில் நான் பார்த்ததை நீங்களும் பாருங்கள். அன்று சாயங்காலம் ஆறரைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஹீட்டரில் இருப்பது 16 ஆம்ப்ஸ் ப்ளக், பெரிய பின். அந்த அறையில் இருந்தது 6 ஆம்ப்ஸ் சாக்கெட். நடுவில், பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் சொருக வைக்கும் ஒரு கன்வெர்ட்டர் போட்டு, அதையும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தார்கள். 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ் வருகிறது. 6 ஆம்ப்ஸ் சாக்கெட் அதை மணிக்கணக்கில் தாங்காது. கன்வெர்ட்டரைப் பிடுங்கினேன். கையில் பிடிக்க முடியாத சூடு. ஒரு பின் மட்டும் காப்பிக் கொட்டை நிறத்தில் கருத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி உள்வாங்கியிருந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் போடாமல் 221 வோல்ட். போட்டதும் 204. ஏழு மணிக்குப் பையன் வேலை முடிந்து வந்து கீசரைப் போட்டான், 183. அந்த நேரத்தில் ஹீட்டரின் சத்தமே மாறியது. வோல்டேஜ் இறங்கினால் இந்த மாதிரி ஏ.சி. (மாறுதிசை மின்சார) மோட்டார் ஃபேன் மெதுவாகிவிடும். காற்று குறையும், சூடு உள்ளேயே தங்கும், சென்சார் அதைப் பார்க்கும், ஈ-2. ஹீட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் இழுத்து, லோடு மிஞ்சினால் தானாக விழும் தனி எம்.சி.பி. சுவிட்ச் வைத்து, 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போட்டுக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்தக் கோடு வரவில்லை. சென்சாருக்கு வாங்கிய பணத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனை இது: ஹீட்டரைச் சுவரில் உள்ள 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் நேராகச் சொருகி, கால் மணி நேரம் ஓட்டி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி அதன் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டில் ஹீட்டர் போடாதீர்கள். வோல்ட் அளக்கும் வேலையைப் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சுவிட்ச் போட்ட உடனே கோடு வருகிற ஹீட்டர் தனி ரகம். இங்கே பலரும் மார்ச்சில் ஹீட்டரைப் பரணில் போட்டால் நவம்பரில்தான் இறக்குவார்கள். நடுவில் மழைக்காலமும் போய்விடும். கழற்றிப் பார்த்தால் சென்சார் வயர் போர்டில் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வாரண்டி இருந்தால் கழற்றாதீர்கள், சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்கள். வாரண்டி முடிந்து, ஓரளவு கைப்பழக்கமும் உள்ளவர்கள் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மறுபடி மாட்டலாம். பல சமயம் அதிலேயே கோடு போய்விடும். போகாவிட்டால் சென்சாரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பல மாடல்களில் அறைச் சூட்டில் 10 கிலோ ஓம் பக்கம் காட்டும், மாடலுக்கு மாடல் மாறும். எண்ணைவிட இதைக் கவனியுங்கள்: சென்சார் தலையை இரண்டு விரலால் பிடித்தால் அளவு மெதுவாகக் குறைய வேண்டும். விட்டால் ஏற வேண்டும். அசையாமல் சைபரில் நின்றாலோ, ஓ.எல். (அளக்க முடியாத அளவு) என்று காட்டினாலோ சென்சார் போய்விட்டது. அதே அளவுள்ளதை வாங்கி மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கோடு வருகிறதே என்று கட்-அவுட்டையோ, சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் தெர்மல் ஃப்யூஸையோ வயர் வைத்து ஷார்ட் செய்யாதீர்கள். யாரோ அப்படிச் செய்த ஹீட்டர் ஒன்று என்னிடம் வந்தது. முன்பக்க கிரில் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. அது ஓடிய அறையில் ஒரு குழந்தை தூங்கியிருக்கிறது. கருகல் வாசனை, சூடாகும் வயர், அடிக்கடி விழும் எம்.சி.பி. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஹீட்டர் ஓடாத ராத்திரியில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ரிப்பேர் முடியும்வரை சுடுதண்ணீர்ப் பையும் இன்னொரு கம்பளியும் போதும். இல்லை என்றால் என் மாதிரி கடைக்காரரிடம் இரண்டு நாளைக்கு ஒரு ஹீட்டர் கேட்டுப் பாருங்கள், கொடுப்போம். கடைக்கு வரும்போது கோடு வந்த நேரம் எழுதிய தாளையும், வீட்டில் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.