கவரின் மேல் இருந்த எண்: ரா படங்களைத் திருத்தி எடுத்துவைப்பதில் நேரும் தவறுகள்

பழைய ஸ்டூடியோக்களில் படம் எடுத்தால் கவரின் மேல் ஒரு எண் எழுதித் தருவார்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கவரோடு போய் நின்றாலும், நெகட்டிவைத் தேடி எடுத்து இன்னும் நான்கு பிரதி போட்டுக் கொடுப்பார்கள். இன்று ஒரே திருமணத்தில் மூவாயிரம் படம் எடுக்கிறோம். ஓராண்டு கழித்து மணப்பெண்ணின் தாயார், “தம்பி, அந்தத் தாலி கட்டும் படம் மட்டும் பெரிதாக ஒன்று வேண்டும்” என்றால், மூன்று ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கிறோம். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருக்கும் படத்துக்கும் அதன் மூலத்துக்கும் நடுவில் இருந்த அந்த எண்ணை நாம்தான் தொலைத்தோம்.

முதல் தவறு, திருத்தம் ரா கோப்புக்குள்ளேயே, அதாவது கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்புக்குள்ளேயே, ஏறிவிட்டது என்று நம்புவது. லைட்ரூம், டார்க்டேபிள், ரா தெரபி போன்ற திருத்தும் மென்பொருள்கள் எதுவுமே கேமரா பதிந்த தரவைத் தொடுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு என்ற குறிப்புகளைத்தான் எழுதிவைக்கின்றன. எங்கே எழுதுகின்றன என்பதில்தான் வேறுபாடு. டார்க்டேபிள் தன் தரவுத்தளத்தில் எழுதுவதோடு, ரா கோப்பின் பக்கத்திலும் அந்தக் குறிப்புகள் அடங்கிய ஒரு சிறிய எக்ஸ்எம்பி கோப்பை வைக்கிறது. லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற தன் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. எக்ஸ்எம்பியாகவும் எழுது என்று அமைப்புகளில் நாம் சொன்னால்தான் எழுதும். சொன்னாலும், படங்களைத் தொகுத்துவைக்கும் கலெக்‌ஷன்களும் ஒரே படத்துக்கு வேறொரு திருத்தமாக வைக்கும் விர்ச்சுவல் காப்பிகளும் அதில் வராது. இது தெரியாமல் ரா கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுக் கணினியை ஃபார்மேட் செய்தவர்களில் நானும் ஒருவன். படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. இரண்டு மாதம் கண்விழித்துச் செய்த வேலை மட்டும் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. லைட்ரூம் அவ்வப்போது “பேக்கப் எடுக்கவா?” என்று கேட்கிறதே, அது கேட்டலாக்கை மட்டுமே நகலெடுக்கிறது, படம் ஒன்றுகூட அதில் இருக்காது. அந்த நகலையும், நாம் இடம் மாற்றாதவரை, கேட்டலாக் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ரா கோப்புகள் ஒரு முறை, கேட்டலாக் ஒரு முறை என இரண்டையும் வேறு டிஸ்க்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஃபோல்டரின் பெயரை விண்டோஸிலேயே மாற்றுவதும், படங்களை அங்கேயே இழுத்து வேறிடத்தில் போடுவதும் அடுத்த வினை. கேட்டலாக் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். லைட்ரூமில் ஃபோல்டர் மேல் கேள்விக்குறி விழும். பதறிப்போய் மறுபடி இம்போர்ட் செய்து, அதாவது படங்களைப் புதிதாக மென்பொருளில் சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் திருத்தாத படங்கள் புதிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திருத்தங்கள் பழைய பதிவோடு தங்கிவிடும். கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் வலது கிளிக் செய்து புதிய இடத்தைக் காட்டினால் போதும். இனிமேல் நகர்த்துவதை மென்பொருளுக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

பெயர் வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கேமராக்களின் எண் 9999-ஐத் தொட்டதும் 0001-க்குத் திரும்பிவிடும். இரண்டு கேமராவோடு போனால் அன்றைக்கே ஒரே பெயரில் இரண்டு படம் இருக்கலாம். ஆகவே இம்போர்ட் செய்யும்போதே பெயரை மாற்றுங்கள்: ஆண்டு, மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி, பிறகு நான்கு இலக்க வரிசை எண். தேதி எண்ணை முன்னால் போட்டு 14-01-2025 என்று எழுதினால், எல்லா மாதத்துப் பதினான்காம் தேதியும் ஒன்றாகப் போய் நிற்கும். திருத்தம் முடிந்து எக்ஸ்போர்ட் ஆகும், அதாவது வெளியே எடுக்கும், ஜேபெக் படத்துக்கும் அதே பெயரே இருக்கட்டும். தேவையானால் கடைசியில் ‘பிரிண்ட்’ என்றோ ‘வெப்’ என்றோ ஒட்டிக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட்டின்போது 1, 2, 3 என்று புதிதாக எண் போடுவது, கவரின் மேல் இருந்த எண்ணை நாமே அழிப்பதுதான். சிலர் ஜேபெக் வந்துவிட்டது என்று ராவை அழிக்கிறார்கள். நெகட்டிவை எரித்துவிட்டுப் பிரிண்டைப் பூட்டி வைப்பது போன்றது இது. ஜேபெக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். ராவை எடுக்க அந்த முகூர்த்தம் மறுபடி வராது.

எக்ஸ்போர்ட் பெட்டியில் அதிகம் படுத்துவது நிறவெளி, அதாவது படத்தின் எண்கள் எந்த நிற எல்லைக்குள் பொருள்படும் என்ற ஏற்பாடு. ஒரு முறை ஆல்பத்துக்கான படங்களை ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி என்ற மிகப் பெரிய நிறவெளியில் அனுப்பிவிட்டேன். பெரிய நிறவெளி என்றால் நல்ல நிறம் வரும் என்று நினைப்பு. அரக்குப் பட்டு, பல முறை துவைத்த பருத்திச் சேலையைப் போல வெளிறி வந்தது. அந்தப் பெரிய வெளியில் எழுதிய எண்களை, கோப்போடு வரும் நிறச் சுயவிவரத்தை (எந்த நிறவெளி என்ற குறிப்பை) பார்க்காத ஒரு மென்பொருள், எஸ்ஆர்ஜிபி என்ற சிறிய, வழக்கமான வெளி என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். மேலும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. அவற்றை அவ்வளவு அகலமாகப் பரப்பினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரியலாம். அச்சிடும் லேப் வேறு எதையும் கேட்காதவரை எஸ்ஆர்ஜிபியே போதும். படத்தை ஃபோட்டோஷாப்பில் மேலும் திருத்தப்போகிறீர்கள் என்றால் ஜேபெக் வேண்டாம், நிறப் படிகள் மிக அதிகமுள்ள 16 பிட் டிஃப் கோப்பாக எடுங்கள்.

அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று சொல்லும் ‘300’ என்ற எண்ணைப் பற்றி ஒரு மூடநம்பிக்கையே இருக்கிறது. நீளப் பக்கம் 2048 பிக்சல் என்று முடிவுசெய்துவிட்டால், தெளிவுத்திறன் பெட்டியில் 72 போட்டாலும் 300 போட்டாலும் வருவது அதே பிக்சல்கள்தான். அச்சுக்கு அங்குலக் கணக்கைப் பிக்சலாக்கிப் பாருங்கள்: 12க்கு 18 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 வீதம் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் 4000க்கு 6000 அதற்குத் தாராளம். ஜேபெக்கின் தர அளவையும் எப்போதும் 100-இல் வைக்க வேண்டியதில்லை. 85-க்கும் 100-க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது, கோப்பின் பருமனோ வெகுவாக ஏறும்.

குழந்தைகள் படத்தைப் பொதுவில் போடும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஜிபிஎஸ் பதிவாகியிருந்தால் வீட்டு முகவரியைக் கொடுப்பதற்குச் சமம்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிறோம். அது படத்தைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. நாம் வைத்த பெயரையும் கழற்றிவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்த அம்மா, “இதே படம்தான் தம்பி” என்று திருப்பி அனுப்பும்போது அதில் எண்ணும் இருக்காது, பெயரும் இருக்காது. மூவாயிரம் முகங்களுக்குள் தேட வேண்டியதுதான். ஆவணமாக அனுப்பியிருந்தால் பெயர் கூடவே போயிருக்கும்.